வட்டியின் பெயரைச் சுமக்க மறுத்த வீரர்

 

சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை வட்டாரத்தில் பட்டாசு ஆலையின் மருந்து அறையை அறிந்தவர்களுக்கு ஒரு விதி நன்றாகத் தெரியும். அந்த அறைக்குள் நைலான் உடையுடன் நுழையக் கூடாது. பருத்தி உடையே அணிய வேண்டும். இரும்புக் கருவியைக் கொண்டு மருந்தைத் தொடக் கூடாது. ‘சட்டைதானே, அதில் என்ன இருக்கிறது?’ என்று அங்கே யாரும் கேட்பதில்லை. துணி உரசும்போது எழும் கண்ணுக்குத் தெரியாத ஒரு பொறி, ஒரு குடும்பத்தையே அநாதையாக்கிவிடும் என்பதை அந்த மண்ணின் மக்கள் கண்டும் கேட்டும் அறிந்திருக்கிறார்கள்.

மார்க்கத்திலும் உடை சிறிய விஷயமன்று. மனிதனின் மானத்தை மறைக்கவும், அவனை அலங்கரிக்கவும் ஆடையை இறக்கிய அல்லாஹ், அவற்றையெல்லாம்விட இறையச்சம் எனும் ஆடையே மேலானது என்று அல்அஃராஃப் அத்தியாயத்தில் அறிவிக்கிறான் (7:26). உடலில் அணியும் ஆடைக்கும், உள்ளத்தில் அணியும் தக்வாவுக்கும் உள்ள தொடர்பைத் தம் வாழ்க்கையில் வெளிப்படுத்திய ஒருவரைப் பற்றி இக்கட்டுரையில் காண்போம். அவர் ஆலிம் அல்லர். செல்வச் சீமானின் மகனும் அல்லர். பந்தைக் கையிலேந்தி ஓடுவதையே தொழிலாகக் கொண்ட ஒரு விளையாட்டு வீரர். அவர் பெயர் சோனி பில் வில்லியம்ஸ்.

சமோவா வழி வந்தவர்

பசிபிக் பெருங்கடலின் தென்பகுதியில் இருக்கும் சிறிய தீவு நாடு சமோவா. நியூசிலாந்தின் ஆட்சியின்கீழ் இருந்து 1962இல் விடுதலை பெற்ற நாடு அது. பிழைப்புத் தேடிச் சமோவா மக்கள் பல்லாயிரம் பேர் நியூசிலாந்தின் ஆக்லாந்து நகருக்குக் குடிபெயர்ந்தனர். ஆலைகளிலும் பட்டறைகளிலும் உழைத்தனர். உடல் வலிமை மிக்க அம்மக்களின் பிள்ளைகளுக்கு வறுமையிலிருந்து வெளியேறும் வாசலாக ரக்பி விளையாட்டு அமைந்தது.

சோனி பில் வில்லியம்ஸ் 1985 ஆகஸ்ட் 3ஆம் நாள் ஆக்லாந்தில் பிறந்தார். தந்தை சமோவா வம்சத்தவர். தாய் ஐரோப்பிய வம்சத்து நியூசிலாந்துப் பெண்மணி. உழைத்தால்தான் உணவு என்ற நிலையில் இருந்த குடும்பம் அது. தந்தையும் ரக்பி லீக் ஆடியவர். தங்கை நியால் 2016 ரியோ ஒலிம்பிக்கில் மகளிர் ரக்பியில் வெள்ளிப் பதக்கம் வென்ற அணியில் இடம்பெற்றவர்.

ரக்பி லீக் என்பது நம் பகுதியினர் அதிகம் பார்த்திராத ஆட்டம். கபடியை அறிந்தவர்களுக்கு அதை விளக்குவது எளிது. அணிக்கு 13 பேர். முட்டை வடிவப் பந்தைக் கையில் அணைத்துக்கொண்டு எதிரணியின் எல்லைக் கோட்டை நோக்கி ஓட வேண்டும். கபடியில் பாடி வருபவரை மடக்கிப் பிடிப்பதுபோல், பந்தோடு வருபவரை எதிரணியினர் கட்டிப்பிடித்துத் தரையில் சாய்ப்பார்கள். ஆறுமுறை பிடிபட்டால் பந்தை எதிரணிக்குக் கொடுத்துவிட வேண்டும். கோட்டைக் கடந்து பந்தைத் தரையில் பதித்தால் 4 புள்ளிகள். பந்தை முன்னோக்கிக் கையால் எறியக் கூடாது. பின்னோக்கியே கொடுக்க வேண்டும். 80 நிமிடம் நடக்கும் இந்த ஆட்டத்தில் எலும்பு முறிவது சாதாரணம். இதன் மற்றொரு வகை, அணிக்கு 15 பேர் ஆடும் ரக்பி யூனியன். இரண்டிலும் உலகின் முதல் வரிசையை எட்டியவர்கள் மிகச் சிலரே. அவர்களுள் ஒருவர் சோனி பில்.

புகழின் உச்சியில் ஒரு வெறுமை

பதின்ம வயதிலேயே ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரிலுள்ள கேன்டர்பரி புல்டாக்ஸ் என்ற சங்கம் அவரைத் தேர்ந்தெடுத்துக்கொண்டது. 2004இல் 18 வயதில் நியூசிலாந்து அணிக்காக ஆடினார். அதே ஆண்டில், 19 வயதில், புல்டாக்ஸ் அணியோடு ஆஸ்திரேலியாவின் தேசிய ரக்பி லீக் பட்டத்தை வென்றார். பணமும் புகழும் கொட்டின. கூடவே மதுவும் இரவுக் கேளிக்கைகளும் வந்து சேர்ந்தன. குடித்துவிட்டு வாகனம் ஓட்டி நீதிமன்றம் ஏறிய அவலமும் நேர்ந்தது. எல்லாம் கையில் இருந்தும் உள்ளம் காலியாக இருந்த காலம் அது என்று பின்னாளில் அவரே மறைக்காமல் சொல்லியிருக்கிறார்.

2008இல் ஒப்பந்தக் காலம் முடியும் முன்னரே, சங்கத்துக்கும் சொல்லாமல், பிரான்சின் டூலோன் நகர அணிக்குச் சென்றுவிட்டார். சங்கம் வழக்குத் தொடுத்தது. இழப்பீடு கொடுத்த பிறகே அவரால் விடுபட முடிந்தது. செய்த உடன்படிக்கைகளை நிறைவேற்றுமாறு முஃமின்களுக்குக் கட்டளையிடும் மார்க்கம் நம்முடையது (5:1). ஆகவே அச்செயலை நாம் புகழவில்லை. நல்லவர்களின் வாழ்க்கையைக் கூறும்போது அவர்களின் தவறுகளை மூடி மறைத்து மலக்குகளாகக் காட்டுவது முறையன்று. அந்தத் தடுமாற்றக் காலத்தில்தான் அல்லாஹ் அவருக்கு வேறொரு கதவைத் திறந்தான்.

டூலோன் நகரில் ஒரு துனீசிய முஸ்லிம் குடும்பத்தோடு அவருக்குப் பழக்கம் ஏற்பட்டது. ஒரே ஒரு படுக்கையறை கொண்ட சிறு வீட்டில் பிள்ளைகளோடு வாழ்ந்த குடும்பம் அது. அந்த வீட்டில் இருந்த அன்பும், போதுமென்ற மனமும், முகமலர்ச்சியும் அவரைச் சிந்திக்க வைத்தன. ‘என்னிடம் எல்லாம் இருக்கிறது, மகிழ்ச்சி இல்லை, இவர்களிடம் ஒன்றுமில்லை, மகிழ்ச்சி இருக்கிறதே, எப்படி?’ என்ற கேள்வியே அவரை இஸ்லாத்தின் வாசலுக்கு அழைத்து வந்தது. ஏற்கெனவே இஸ்லாத்தைத் தழுவியிருந்த ஆஸ்திரேலியக் குத்துச்சண்டை வீரர் அந்தோணி மண்டைனின் நட்பும் துணை நின்றது. 2009ஆம் ஆண்டளவில் கலிமா மொழிந்து அவர் முஸ்லிமானார்.

வாசகர்களே, இங்கே சற்று நின்று சிந்தியுங்கள். அக்குடும்பத்தார் மேடை போட்டுப் பேசவில்லை. புத்தகம் அச்சிட்டு வழங்கவில்லை. தங்கள் வீட்டில் முஸ்லிமாக வாழ்ந்தார்கள், அவ்வளவுதான். நம் வீட்டுக்கு வந்து போகும் அண்டை வீட்டார், நம்மிடம் காண்பது என்ன?

வலிமையும் பணிவும்

இஸ்லாத்தை ஏற்றபின் அவருடைய ஆட்டம் குன்றவில்லை, மெருகேறியது. 2010 நவம்பரில், ‘ஆல் பிளாக்ஸ்’ எனப்படும் நியூசிலாந்தின் கறுப்புச் சட்டை யூனியன் அணியில் இடம்பெற்றார். அவ்வணிக்கு ஆடிய முதல் முஸ்லிம் அவரே. 2011இலும் 2015இலும் உலகக் கோப்பையை வென்ற அணிகளில் இருந்தார். இடையில் 2013இல் ரக்பி லீக்குக்குத் திரும்பி, சிட்னி ரூஸ்டர்ஸ் அணியோடு மீண்டும் ஆஸ்திரேலியப் பட்டத்தை வென்றார். கறுப்புச் சட்டையில் மொத்தம் 58 சர்வதேச ஆட்டங்கள் ஆடினார்.

பலமுள்ள முஃமின் பலவீனமான முஃமினைவிடச் சிறந்தவர், அல்லாஹ்வுக்கு உவப்பானவர். ஆயினும் இருவரிடத்திலும் நன்மை உண்டு என்று நபி (ஸல்) அவர்கள் கூறியதை அபூஹுரைரா (ரலி) அறிவிக்கிறார்கள் (முஸ்லிம்). அதே நபி (ஸல்) அவர்கள்தாம், மல்யுத்தத்தில் பிறரை வீழ்த்துபவன் வீரனல்லன், கோபத்தின்போது தன்னை அடக்குபவனே வீரன் என்றும் கற்றுத் தந்தார்கள் (புகாரி, முஸ்லிம்). முதல் ஹதீஸ் உடலை வளர்க்கச் சொல்கிறது. இரண்டாவது ஹதீஸ் அந்த உடலுக்குக் கடிவாளம் போடுகிறது.

2015 அக்டோபர் 31. லண்டனின் ட்விக்கன்ஹாம் திடலில் ஆஸ்திரேலியாவை 34-17 என வென்று நியூசிலாந்து உலகக் கோப்பையைக் கைப்பற்றியது. வீரர்கள் திடலைச் சுற்றி வந்தபோது, 14 வயதுச் சிறுவன் ஒருவன் தடுப்பைத் தாண்டி ஓடி வந்தான். காவலர் அவனைப் பிடித்துத் தரையில் தள்ளினார். சோனி பில் அச்சிறுவனைத் தூக்கி நிறுத்தி, தோளில் கைபோட்டு அவன் குடும்பத்தாரிடம் கொண்டுபோய்ச் சேர்த்தார். அதோடு நில்லாமல், சற்றுமுன் பெற்ற தம் தங்கப் பதக்கத்தைக் கழற்றி அச்சிறுவனின் கழுத்தில் அணிவித்தார். வாழ்நாள் உழைப்பின் அடையாளத்தை முன்பின் அறியாத சிறுவனுக்குக் கொடுக்க ஒரு மனம் வேண்டும். அந்த ஆண்டின் இறுதியில் லெபனானில் இருந்த சிரிய அகதிகளின் முகாம்களுக்குச் சென்று, அங்கிருந்த குழந்தைகளோடு இருந்துவிட்டு வந்தார்.

அவரும் மனிதரே. 2017 ஜூலை 1ஆம் நாள் வெலிங்டனில், பிரிட்டிஷ், ஐரிஷ் லயன்ஸ் அணிக்கு எதிரான ஆட்டத்தில், எதிரணி வீரரின் தலையில் தோளால் மோதியதற்காகச் சிவப்பு அட்டை காட்டி வெளியேற்றப்பட்டார். கறுப்புச் சட்டை அணியில் 50 ஆண்டுகளுக்குப் பின் வெளியேற்றப்பட்ட முதல் வீரர் என்ற பழி வந்தது. அணி 21-24 எனத் தோற்றது. தண்டனையை ஏற்றுக்கொண்டு மீண்டும் ஆட வந்தார். தடுக்கி விழாதவர் எவருமில்லை. விழுந்த இடத்திலேயே கிடப்பதுதான் இழிவு.

கழுத்துப்பட்டையில் ஒரு பெயர்

இப்போது கட்டுரையின் மையத்துக்கு வருவோம். 2017 ஏப்ரல் மாதம். ஆக்லாந்தின் புளூஸ் அணிக்காக சோனி பில் களமிறங்கினார். அந்த நாட்டு அணிகளின் சட்டைக் கழுத்துப்பட்டையில் பேங்க் ஆஃப் நியூசிலாந்து என்ற வங்கியின் சின்னம் பொறிக்கப்பட்டிருந்தது. விரல் நீளம் கூட இல்லாத சிறு சின்னம். அதன்மீது ஒட்டுநாடாவை ஒட்டி மறைத்துக்கொண்டு அவர் ஆடினார்.

நாடே பேசியது. பின்பு அவர் விளக்கமளித்தார். வங்கி, மது, சூதாட்ட நிறுவனங்களை விளம்பரப்படுத்தும் உடையை அணிவது தம் மார்க்க நம்பிக்கைக்கு மாறானது என்றார். அவ்வங்கியின்மீது தமக்குத் தனிப்பட்ட பகை எதுவும் இல்லை என்றார். மார்க்க அறிவு வளர வளர, முன்பு சாதாரணமாகச் செய்துவந்த சிலவற்றை இப்போது மனம் ஒப்பிச் செய்ய முடியவில்லை என்றும் கூறினார். நியூசிலாந்து ரக்பி நிர்வாகம் அவருடைய மனச்சாட்சியின் மறுப்பை ஏற்று விலக்களித்தது.

விமர்சனங்களும் எழுந்தன. ‘அவருடைய சம்பளமே விளம்பரதாரர்களின் பணத்திலிருந்துதானே வருகிறது?’ என்று சிலர் கேட்டனர். ‘தேசிய அணியின் சட்டையில் ஒரு காப்பீட்டு நிறுவனத்தின் பெயர் இருக்கிறதே, அதை மட்டும் அணிகிறாரே?’ என்றும் சிலர் கேட்டனர். கேள்விகள் நியாயமானவையே. ஆனால் நூறு தவறுகளில் பத்தை விட்டவனைப் பார்த்து, ‘தொண்ணூறு பாக்கி இருக்கிறதே, பத்தையும் ஏன் விட்டாய்?’ என்று கேட்பது நீதியாகுமா? முழுவதையும் ஒரே நாளில் விட முடியாதவன், விட முடிந்ததை இன்றே விடட்டும். அறிந்த அளவுக்கு அமல் செய்பவனுக்கு அறியாததையும் அல்லாஹ் கற்றுக் கொடுப்பான் என்பது நம் பெரியோர் கண்ட அனுபவம்.

தென்னாப்பிரிக்கக் கிரிக்கெட் வீரர் ஹாஷிம் ஆம்லாவும் இத்தகையவரே. குஜராத்திலிருந்து சென்ற முஸ்லிம் வம்சத்தில் வந்த அவர், தம் அணியினர் அனைவரும் ஒரு மதுபான நிறுவனத்தின் சின்னம் பொறித்த சட்டையை அணிந்தபோது, அச்சின்னம் இல்லாத சட்டையையே அணிந்து ஆடினார். அதனால் அவருடைய மட்டை ரன்களை அடிக்க மறுத்துவிடவில்லை.

வட்டியோடு தொடர்புள்ள நால்வர்

‘வட்டி வாங்குவதுதானே ஹராம்? ஒரு சின்னத்தை அணிந்தால் என்ன?’ என்று நீங்கள் கேட்கலாம். வணிகத்தை ஹலாலாக்கி வட்டியை ஹராமாக்கியிருப்பதாக அல்லாஹ் அறிவிக்கிறான் (2:275). எஞ்சியுள்ள வட்டியை விட்டுவிடாதவர்கள், அல்லாஹ்விடமிருந்தும் அவன் தூதரிடமிருந்தும் போர் அறிவிப்பை எதிர்கொள்ள வேண்டும் என எச்சரிக்கிறான் (2:278, 279). வேறெந்தப் பெரும்பாவத்துக்கும் இத்தகைய போர்ப் பிரகடனம் குர்ஆனில் இப்படி வரவில்லை என்பதை அறிஞர்கள் சுட்டிக்காட்டுவர்.

வட்டியை உண்பவர், அதைக் கொடுப்பவர், அதற்குக் கணக்கு எழுதுபவர், அதற்குச் சாட்சியாக நிற்போர் ஆகிய அனைவரையும் நபி (ஸல்) அவர்கள் சபித்தார்கள். பாவத்தில் அனைவரும் சமமே என்றும் கூறினார்கள் (அறிவிப்பாளர்: ஜாபிர் (ரலி), நூல்: முஸ்லிம்). கவனியுங்கள்: எழுதுபவருக்கு வட்டியில் ஒரு காசும் கிடைப்பதில்லை. சாட்சிக்கும் பங்கில்லை. பேனாவையும் பெயரையும் இரவல் கொடுத்தார்கள்; அவ்வளவே. ஆயினும் அவர்கள் விடுபடவில்லை.

சட்டையில் ஒரு பெயரை அணிவதும், வட்டியை உண்பதும் ஒரே அளவு பாவம் என்று நாம் தீர்ப்பளிக்கவில்லை. அதை ஆய்ந்து சொல்வது ஃபிக்ஹ் அறிஞர்களின் பணி. ஆனால் பாவத்திலும் பகைமையிலும் ஒருவருக்கொருவர் துணைபோகக் கூடாது என்பது பொதுவான இறைக்கட்டளை (5:2). விளம்பரம் என்பது ஓர் அழைப்பு. ‘என்னை விரும்புகிறவர்களே, இவனிடம் வாருங்கள்’ என்று அந்த வீரரின் கழுத்து கூவுகிறது. அந்த அழைப்பைக் கொடுக்க அவர் மறுத்தார். வேலியோரம் ஆடு மேய்ப்பவன், தடுக்கப்பட்ட புலத்துக்குள் விழுந்துவிடும் ஆபத்தில் இருக்கிறான் என்று நபி (ஸல்) அவர்கள் காட்டிய உவமையை (புகாரி, முஸ்லிம்) அறிந்தவருக்கு, அந்தச் சிறு ஒட்டுநாடா ஒரு வேலியாகத் தெரியும்.

நம் மண்ணில் வட்டி செய்யும் வேலை

நியூசிலாந்தின் வங்கி ஒருபுறம் இருக்கட்டும். விருதுநகர் மாவட்டத்தின் தெருக்களுக்கு வருவோம்.

1920களில் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பிய அய்ய நாடார், சண்முக நாடார் ஆகிய இருவரின் முயற்சியால், வானம் பார்த்த பூமியாகிய சிவகாசி தொழில் நகரமாயிற்று. தீப்பெட்டி, பட்டாசு, அச்சு ஆகிய மூன்றும் பல லட்சம் மக்களுக்குச் சோறு போடுகின்றன. ஆயினும் பட்டாசுத் தொழிலாளியின் வருமானம் ஒரே சீராக வருவதில்லை. வெயில் காய்ந்தால்தான் வேலை. மழை பெய்தால் காயவைக்க இயலாது. தீபாவளி முடிந்தால் சில வாரம் ஆலை மூடும். 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் பட்டாசுத் தயாரிப்புக்குக் கட்டுப்பாடுகளை விதித்த பின், ஆலைகள் மாதக்கணக்கில் மூடிக் கிடந்ததை யாரும் மறந்திருக்க முடியாது. அடுப்பு எரியாத அந்த நாட்களில் வீட்டு வாசலுக்கு வருபவன் வட்டிக்காரன்.

ஒரு கணக்கைப் பாருங்கள். நூற்றுக்கு மாதம் 10 ரூபாய் வட்டி என்று 10,000 ரூபாய் வாங்கும் பெண், மாதந்தோறும் 1,000 ரூபாய் கட்டுகிறாள். பத்து மாதத்தில் 10,000 ரூபாய் கட்டிவிடுகிறாள். பதினோராவது மாதம் அவள் எவ்வளவு கடன்பட்டிருக்கிறாள்? அதே 10,000 ரூபாய்! முதலில் ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை. தண்டலோ இன்னொரு வகை. 10,000 என்று எழுதி, 1,500ஐ முன்கூட்டியே பிடித்துக்கொண்டு, 8,500ஐக் கையில் கொடுத்து, நாளுக்கு 100 வீதம் 100 நாள் வசூலிப்பார்கள். ஒருநாள் தவறினால் வாசலில் நின்று கேட்கும் சொற்களை இங்கே எழுத முடியாது.

தினவட்டி, மணிவட்டி, கந்துவட்டி, மீட்டர் வட்டி, தண்டல் என்று பெயர் சொல்லித் தடை செய்யும் சட்டத்தைத் தமிழக அரசு 2003இல் கொண்டுவந்தது. சட்டம் வந்து பதினான்கு ஆண்டுகளுக்குப் பின், 2017 அக்டோபரில், நெல்லை மாவட்ட ஆட்சியர் அலுவலக வளாகத்தில், கந்துவட்டிக் கொடுமை தாளாத ஒரு கூலித் தொழிலாளி, மனைவியோடும் இரு பச்சிளம் பெண் குழந்தைகளோடும் தீக்கு இரையானார். நால்வரும் மாண்டனர். தற்கொலையும் கொலையும் மார்க்கத்தில் பெரும்பாவங்கள். அதில் இரண்டு கருத்தில்லை. ஆனால் அந்தத் தீயை மூட்டிய கைகளுள் வட்டிக்காரனின் கையும் இருந்தது என்பதிலும் இரண்டு கருத்தில்லை. ஒரு வீரர் தம் கழுத்திலிருந்த வட்டியின் பெயரை மறைத்த அதே ஆண்டில்தான், நமக்கு அருகிலேயே வட்டி ஒரு குடும்பத்தை எரித்தது.

நம் கழுத்துப்பட்டை எது?

சகோதரர்களே! நாம் ரக்பி ஆடவில்லை. நம் கழுத்தில் வங்கியின் சின்னம் இல்லை. ஆனால் நமக்கும் ஒரு கழுத்துப்பட்டை உண்டு. அதைத் தேடிப் பார்ப்போம்.

வீட்டுச் சுவரைப் பாருங்கள். சிவகாசியில் அச்சாகி வரும் தினசரி நாட்காட்டி தொங்குகிறது. மேலே புனித கஅபாவின் படம், தொழுகை நேரங்கள். கீழே பெரிய எழுத்தில் அடகுக் கடையின் பெயர், பைனான்ஸின் பெயர். இலவசமாகக் கிடைத்தது என்று மாட்டினோம். நாள்தோறும் தாள் கிழிக்கும் நம் பிள்ளை, கஅபாவையும் வட்டிக் கடையையும் ஒரே பார்வையில் படித்து வளர்கிறான்.

அச்சகம் நடத்தும் சகோதரர்களைக் கேட்கிறோம். வட்டிக்கடையின் நோட்டீசும், மதுப்புட்டியின் லேபிளும், லாட்டரிச் சீட்டும் ஆர்டராக வரும்போது நம் எந்திரம் தயங்குகிறதா? எழுதுபவருக்கும் பங்குண்டு என்ற ஹதீஸ், எழுத்தையே தொழிலாகக் கொண்ட ஊரில் இருமடங்கு அழுத்தமாக ஒலிக்க வேண்டாமா?

இளைஞர்களைக் கேட்கிறோம். கபடிப் போட்டிக்கும் கிரிக்கெட் போட்டிக்கும் பனியன் அடிக்கிறீர்கள். முதுகில் யார் பெயர்? ஐந்தாயிரம் ரூபாய் கொடுத்த மீட்டர் வட்டிக்காரரின் பெயரா? நேற்று யாருடைய தாயை அவர் தெருவில் நிறுத்தி ஏசினாரோ, அந்தத் தாயின் மகன் இன்று அவர் பெயரை முதுகில் சுமந்து ஆட வேண்டுமா?

பெரியவர்களைக் கேட்கிறோம். வட்டிப் பத்திரத்தில் ஜாமீன் கையெழுத்து, சாட்சிக் கையெழுத்துப் போடும்போது, அது சாதாரண உதவி என்று எண்ணுகிறோமா? வீட்டை ஒத்திக்கு எடுத்து, கொடுத்த பணம் குறையாமல் திரும்பி வர, வாடகையின்றிக் குடியிருப்பதும் கடனால் பெறும் ஆதாயமே என உலமாக்கள் பலர் எச்சரித்து வருவதைக் கேட்டிருக்கிறோமா? ‘பங்கு’ என்றும் ‘லாபம்’ என்றும் பெயர் மாற்றிவிட்டால் வட்டி ஹலாலாகிவிடுமா?

நஷ்டம் வந்தால்?

‘மார்க்கம் பேசினால் பிழைப்பு என்னாவது?’ என்ற அச்சம் எழும். அதற்கும் இவ்வீரரின் வாழ்க்கையில் பாடம் உண்டு. 2019 நவம்பரில் கனடாவின் டொராண்டோ வுல்ஃப்பேக் என்ற ரக்பி லீக் அணி அவரை ஒப்பந்தம் செய்தது. அந்த விளையாட்டின் வரலாற்றிலேயே மிகப் பெரிய தொகை என்று பேசப்பட்ட ஒப்பந்தம் அது. அவ்வணி ஆடிய போட்டித் தொடருக்கு ஒரு பந்தய நிறுவனம் புரவலர். அச்சூதாட்டச் சின்னத்தையும் அணிய மறுத்தார்; நிர்வாகம் அதையும் ஏற்றது. ஆனால் 2020இல் கொரோனா வந்தது. போட்டிகள் நின்றன. அவ்வணியே தொடரிலிருந்து விலகிற்று. அவர் சிட்னிக்குத் திரும்பிச் சில ஆட்டங்கள் ஆடிவிட்டு, 2021இல் ரக்பியிலிருந்து ஓய்வு பெற்றார்.

சின்னத்தை மறுத்ததால் ஒப்பந்தம் போய்விடும் என்று அஞ்சினார்கள், போகவில்லை. யாரும் அஞ்சாத ஒரு நோய்க்கிருமியால் அணியே போயிற்று. ரிஸ்கின் திறவுகோல் விளம்பரதாரரிடம் இல்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? தனக்கு அஞ்சுபவருக்கு வெளியேறும் வழியை அமைத்து, எண்ணிப் பார்த்திராத புறத்திலிருந்து உணவளிப்பதாக அல்லாஹ் வாக்களித்துள்ளான் (65:2, 3). உணவு என்பது பணம் மட்டுமன்று. 2019 மார்ச் 15 வெள்ளிக்கிழமை, கிறைஸ்ட்சர்ச் நகரின் இரு பள்ளிவாசல்களில் ஒரு கொடியவன் 51 பேரைச் சுட்டுக் கொன்றான். அதைக் கேட்டுக் கண்ணீர் விட்ட சோனி பில், அந்நகருக்குச் சென்று துயருற்றோருக்கு ஆறுதல் கூறினார். அந்தக் கொடுமை நடந்த ஒரு வாரத்துக்குப் பின், அவருடைய தாயாரும், அவருடைய அணித் தோழர் ஓஃபா துஉங்காஃபாசியும் இஸ்லாத்தைத் தழுவினார்கள். பெற்ற தாய் ஈமான் கொள்வதைக் கண்ட மகனுக்கு எந்த ஒப்பந்தத் தொகை ஈடாகும்?

மறுப்பதோடு முடிந்துவிடாது

வட்டியைத் திட்டுவது எளிது. வட்டிக்காரன் இல்லாமல் அந்தப் பெண்ணின் அடுப்பை எரிய வைப்பதே கடினம். அதற்கான வழியையும் மார்க்கம் காட்டுகிறது.

கடன்பட்டவர் சிரமத்தில் இருந்தால் வசதி வரும்வரை அவகாசம் கொடுக்கவும், தள்ளுபடி செய்வது இன்னும் சிறந்தது என்றும் அல்லாஹ் கூறுகிறான் (2:280). மக்களுக்குக் கடன் கொடுத்துவந்த ஒருவர், ஏழைகள் திருப்பித் தர இயலாதபோது பொறுத்துக்கொள்ளுமாறு தம் பணியாளிடம் சொல்லி வந்தார். அதன் பொருட்டு அல்லாஹ் அவருடைய பிழைகளைப் பொறுத்தான் என்று நபி (ஸல்) அவர்கள் அறிவித்தார்கள் (புகாரி, முஸ்லிம்). அரஃபாப் பெருவெளியில் ஆற்றிய இறுதிப் பேருரையில் அறியாமைக் காலத்து வட்டி அனைத்தையும் ரத்துச் செய்தபோது, முதலில் தம் சிறிய தந்தை அப்பாஸ் (ரலி) அவர்களுக்கு வரவேண்டிய வட்டியையே ரத்துச் செய்தார்கள் (முஸ்லிம்). சீர்திருத்தம் சொந்த வீட்டிலிருந்து தொடங்கிற்று.

ஆகவே ஒவ்வொரு மஹல்லாவும் தன் பைத்துல்மாலில் அழகிய கடனுக்கென ஒரு தொகையை ஒதுக்கட்டும். வேலை நின்றிருக்கும் மழைக் காலத்துக்கும், தீபாவளிக்குப் பிந்தைய வாரங்களுக்கும் அதைத் திட்டமிடட்டும். தவணையை வாங்குபவரின் கூலிக்கு ஏற்ப அமைக்கட்டும். 2:282ஆம் வசனம் கட்டளையிடுவதுபோல் எழுதி வைக்கட்டும். வாங்கியவரும் அமானிதம் என்று உணர்ந்து திருப்பித் தரட்டும்; திரும்பி வந்தால்தான் அடுத்த வீட்டு அடுப்பு எரியும். முஸ்லிமல்லாத அண்டை வீட்டாரும் வட்டியின் வாயில் சிக்கியிருந்தால், முடிந்த அளவு அவர்களையும் மீட்கட்டும். மிரட்டல் வந்தால் காவல் நிலையத்துக்கும் ஆட்சியரிடமும் துணைக்குப் போகப் படித்த இளைஞர் நால்வர் முன்வரட்டும். சட்டம் அவர்கள் பக்கம் இருக்கிறது.

இவற்றுக்கெல்லாம் நாள் பிடிக்கலாம். ஆனால் இன்றே செய்யக் கூடியது ஒன்று உண்டு. இன்று வீட்டுக்குப் போனதும், நம் சுவரில், நம் கடைப் பலகையில், நம் பனியனில், நம் கையெழுத்தில் யாருடைய பெயர் இருக்கிறது என்று பாருங்கள். மருந்து அறைக்குள் நுழையும் தொழிலாளி தன் சட்டையைத் தடவிப் பார்ப்பதுபோல் தடவிப் பாருங்கள். அகற்ற வேண்டியதை அகற்றுங்கள். ஒரு துண்டு ஒட்டுநாடாவே போதுமானதாக இருக்கலாம்.

யா அல்லாஹ்! வட்டியை விட்டும், வட்டியின் வாடையை விட்டும் எங்களையும் எங்கள் சந்ததியினரையும் காப்பாயாக! கடனில் தவிப்போரின் கடனை நிறைவேற்றித் தருவாயாக! தீயோடு உழைக்கும் எங்கள் பகுதி மக்களின் உயிரையும் உடலையும் பாதுகாப்பாயாக! தக்வா எனும் ஆடையை எங்களுக்கு அணிவிப்பாயாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.